எட்டாம் வகுப்புக்கு வாழ்க்கைத் திறன் பாடவேளை: மலைப் பள்ளியில் எப்படி எடுப்பது?

கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இந்த வருடம் எட்டாம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை வாழ்க்கைத் திறன், மனநலம் என்று ஒதுக்கி அதை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. எனக்கு இதில் உண்மையாகவே விருப்பம் உண்டு, அதனால்தான் கேட்கிறேன்.

கையில் இருப்பது உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்த பத்துத் திறன்களின் பட்டியல். தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று பார்த்தல், முடிவெடுத்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று போகும். பலகையில் எழுதினால் அழகாகக் குறிப்பேட்டில் இறக்கிக்கொள்கிறார்கள். “இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். வராது என்றேன். பாதிப் பேர் பேனாவை மூடிவிட்டார்கள்.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊர்களிலிருந்து வருகிறவர்கள், வீட்டில் படக மொழி. மீதிப் பேரில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்கள், எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் சிலர். பசுந்தேயிலை விலை இறங்கும் மாதங்களில் வீட்டில் நடக்கும் சண்டை மறுநாள் முகத்தில் தெரியும். பள்ளி விட்ட பிறகு உட்காரவைத்துப் பேசவும் வழியில்லை. நாலு மணி பஸ்ஸை விட்டால் கரடி, காட்டெருமை நடமாடும் பாதையில் நடந்து போகவேண்டும்.

இந்த ஒரு பாடவேளையை எப்படி உருப்படியாகப் பயன்படுத்துவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குந்தா வாத்தியார்

டீச்சர், நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மஞ்சூர் வட்டாரத்தில் நெடுங்காலம் வேலை. உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் என் கருத்து வேறு.

வாழ்க்கைத் திறன் என்று தனியாக ஒரு பாடவேளை வைத்ததே கோளாறு. எங்கள் காலத்தில் சாரணர் இயக்கம் இருந்தது, பள்ளித் தோட்டம் இருந்தது, விளையாட்டு இருந்தது. கைப்பந்து அணியில் தோற்றுவிட்டு வருகிற பையன் தோல்வியைத் தாங்குவதை அங்கேயே கற்றுக்கொண்டான். இன்று விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார், பத்தாம் வகுப்பு என்றால் அந்தப் பாடவேளையே கிடையாது. ஓடியாடும் நேரத்தைப் பிடுங்கிவிட்டு, மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று பாடம் நடத்துவது என்ன நியாயம்?

அப்புறம் ஆசிரியர் நிலை. எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, பயிற்சி, கணக்கெடுப்பு எல்லாம் முடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவரிடம் மனநலமும் சேர்த்துப் பார் என்றால் எந்த மனதோடு பார்ப்பார்? முதலில் விளையாட்டுப் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள். பாதிப் பிரச்சினை தீரும்.

உதகை ஆலோசகர்

வாத்தியார் ஐயா சொன்னதில் விளையாட்டுப் பற்றிய பகுதிக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் தனியாகச் சொல்லிக்கொடுப்பது வீண் என்பதை ஏற்க முடியவில்லை. நான் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்யும் மனநல ஆலோசகர். இந்தத் துறையில் ஆய்வுகள் நிறைய உண்டு. அவை ஒரே திசையில் பேசவில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

2011-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு, 213 பள்ளித் திட்டங்களை, 2,70,034 மாணவர்களை எடுத்துப் பார்த்தது. உணர்வு, உறவு சார்ந்த திறன்களை முறையாகக் கற்ற பிள்ளைகள் நடத்தையில் மட்டுமல்ல, படிப்பிலும் மற்றவர்களைவிடச் சராசரியாக 11 சதமானப் புள்ளி (நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் 11 இடம்) முன்னே நின்றார்கள். படிப்படியாகப் போவது, செய்துபார்க்க வைப்பது, அதற்கென்று நேரம் ஒதுக்குவது, எந்தத் திறன் என்று தெளிவாகச் சொல்வது, இந்த நாலும் இருந்த திட்டங்களே நன்றாக வேலை செய்தன. பலகையில் எழுதிப்போடுவது இதில் எங்கும் வராது.

இன்னொரு பக்கம், 2022-ல் பிரிட்டனில் வந்த ஆய்வு. 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு வகுப்பிலேயே மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான வகுப்பைவிட எந்தப் பலனும் கூடுதலாக இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. “கண்ணை மூடி மூச்சைக் கவனி” என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்தாகக் கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது பீகார் ஆய்வு. நாலந்தா மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கோவாவைச் சேர்ந்த சங்காத் என்ற மனநல அமைப்பு நடத்தியது, 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள், சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். பட்டம் பெற்ற உளவியலாளர்கள் அல்ல. அந்தச் சாதாரண ஆள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழலே மாறியது. மனச்சோர்வு, சீண்டல், வன்முறை எல்லாம் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மார்க் போடுகிறவர், வருகை எடுக்கிறவர், வீட்டுக்குத் தகவல் சொல்கிறவர் என்று ஏற்கெனவே ஒரு உருவத்தில் பார்த்த ஒருவரிடம் மனதைத் திறக்க ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை தயங்கும். டீச்சர் முதலில் யோசிக்கவேண்டியது பாடத்திட்டத்தை அல்ல. உங்கள் பள்ளியில் பிள்ளைகள் யாரிடம் போய்ப் பேசுகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

சேரம்பாடிப் பெண்

மேடம் கேட்ட கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. எங்களுக்கு அது சத்துணவு ஆயா.

நான் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறிக்கப் போவார். இப்போது கோவையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆயா ஒரு பாடமும் நடத்தியதில்லை. தட்டில் சோறு மிச்சம் வைத்தால் பார்த்துக்கொள்வார். அப்போது ஒன்றும் கேட்கமாட்டார். எல்லோரும் போன பிறகு, “ஏன் புள்ள, சோறு இறங்கலயா?” என்பார். அந்த ஒரு கேள்விக்கு நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அப்பா குடித்துவிட்டு வந்த நாள், வயதுக்கு வந்த நாள், பள்ளியை விட்டு நின்றுவிடலாமா என்று யோசித்த நாள். அவர் அறிவுரை சொன்னதாக ஞாபகமே இல்லை. “சரி, நாளைக்கு வா, பேசுவோம்” என்பார். மறுநாள் போவேன்.

பெட்டி விஷயமும் சொல்லவேண்டும். நான் பிளஸ் டூ படித்தபோதுதான் பள்ளிகளில் “மாணவர் மனசு” பெட்டி வைத்தார்கள், பிள்ளைகள் தங்கள் பிரச்சினையைச் சீட்டில் எழுதிப் போட. நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு. எங்கள் பள்ளியில் முதல் தடவை திறந்தபோது ஒரு ஆசிரியர் சீட்டை எடுத்து, “இது யார் கையெழுத்து?” என்று வகுப்பு வகுப்பாகக் காட்டிக்கொண்டு போனார். எழுதியவளைக் கண்டுபிடித்தும் விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் மிட்டாய்க் காகிதம்தான் விழுந்தது. பெட்டி இன்னும் சுவரில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். யார் திறப்பது, யார் படிப்பது, யார் பதில் சொல்வது, இந்த மூன்றையும் பிள்ளைகள் முன்னால் சொல்லாமல் பெட்டி வைக்கவே கூடாது.

தேவாலா சார்

சேரம்பாடித் தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு ஆயாவோ வாட்ச்மேனோ இருப்பார். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இருக்காது.

நான் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர். பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் அதிகம். புதிதாக வருகிற ஆசிரியர்கள் இந்தப் பிள்ளைகளைப் பார்த்து முதலில் சொல்வது, “பேசவே மாட்டேங்குதுங்க, தன்னம்பிக்கை இல்லை.” எனக்கு இது மனதை அறுக்கும். ராத்திரி ஹாஸ்டலில் வந்து பாருங்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குக் கம்பளி போர்த்திவிடுவான். ஒருவனுக்கு வீட்டிலிருந்து பலாச்சுளை வந்தால் அந்த அறைக்கே பங்கு போகும். காய்ச்சல் வந்த பிள்ளையின் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்தே இருப்பார்கள், நாங்கள் சொல்லவேண்டியதில்லை. பிறர் நிலையில் நின்று பார்த்தல் என்று பட்டியலில் இருப்பதை இவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். கையைத் தூக்கி முன்னால் வந்து நிற்பது இவர்கள் பழக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். அதைக் குறைபாடு என்று எழுதிவைத்து, “திறன் வளர்க்க” ஆரம்பித்தால் பிள்ளை வீட்டுக்கு ஓடிப்போகும். ஓடிப்போனால் இடைநிற்றல் கணக்கில் சேரும்.

கோத்தகிரி டீச்சருக்கு ஒரு யோசனை. நாங்கள் செய்வது பாதை வரைபடம். பெரிய தாளில் பிள்ளை தன் வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் வருகிற வழியை வரையவேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகள் என்றால் ஹாஸ்டலைச் சுற்றியும், லீவில் வீட்டுக்குப் போகிற வழியும். பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு, தனியாகப் போகமாட்டேன் என்கிற இடத்துக்குக் கறுப்பு. வீட்டு மொழியிலேயே பேசிக்கொள்ளட்டும், தமிழில் சொல் என்று நிறுத்தாதீர்கள். வரைந்து முடித்த பிறகு, அந்தச் சிவப்பு இடம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேளுங்கள். வயிறு, தொண்டை, கால் என்று சொல்வார்கள். “பயத்தைப் பற்றிச் சொல்லு” என்றால் வாயே திறக்காத பிள்ளை இதற்குப் பதில் சொல்லும். கடைசியாகத் தாளின் மூலையில் ஒரு கட்டம். அந்த இடத்தில் ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வாய், பெயர் எழுது.

அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிற பிள்ளைதான் நீங்கள் முதலில் கவனிக்கவேண்டிய பிள்ளை. வரைந்த தாளைச் சுவரில் ஒட்டாதீர்கள், தயவுசெய்து.

2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம் எஸ்டேட்டில் சிறுத்தை தாக்கி மூன்று வயதுக் குழந்தை இறந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகளின் வரைபடத்தில் சிவப்பு கூடியது. அதே வருடம் ஜூலை 30 வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு. பல குடும்பங்களுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டு. ராத்திரி மழை வலுத்தால் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். பயப்படாதே என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. பயப்படவேண்டிய விஷயத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். நாங்கள் செய்தது, நம் கட்டடம் எந்தச் சரிவில் இருக்கிறது, தண்ணீர் எந்த வழியில் போகும், சிவப்பு எச்சரிக்கை என்றால் என்ன, மண்ணில் விரிசல் தெரிந்தால் யாரிடம் சொல்வது, ராத்திரி வெளியேறவேண்டி வந்தால் எந்தக் கதவு, யார் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது என்று உட்கார்ந்து பேசி, ஒத்திகையும் பார்த்தோம். தூக்கம் திரும்பியது. எல்லோருக்கும் இல்லை. இரண்டு பிள்ளைகளை உதகைக்கு மருத்துவரிடம் கூட்டிப்போகவேண்டி வந்தது.

குந்தா வாத்தியார்

தேவாலா தம்பி எழுதியது பயனுள்ளது. இப்படிச் செய்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். 2009 நவம்பரில் மண்சரிவு நடந்தபோது கேத்தி, குன்னூர் பக்கம் எத்தனை வீடுகள் போயின. பள்ளி திறந்ததும் விட்ட பாடத்தை முடிக்கச் சொல்லித்தான் எங்களுக்கு உத்தரவு வந்தது. அன்று யாராவது இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளை மனதைத் திறந்து பெரிய விஷயம் ஏதாவது சொல்லிவிட்டால் டீச்சர் என்ன செய்வார்? சொல்ல வைப்பது சுலபம். அதற்குப் பிறகு?

உதகை ஆலோசகர்

ஐயா கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி.

வகுப்பில் சொந்த ரகசியத்தைச் சொல்லவைக்காதீர்கள். “வீட்டில் நடந்த சோகமான விஷயம் ஒன்றைச் சொல்” என்பது பயிற்சியே அல்ல. இட்டுக்கட்டிய ஒரு பிள்ளையை வைத்துப் பேசுங்கள்: ஒரு பையன் இருக்கிறான், அவன் நண்பன் பேசாமல் போய்விட்டான், அவனுக்கு என்ன தோன்றும், என்னென்ன செய்யலாம். பிள்ளைகள் அந்தப் பையன் வழியாகத் தங்களைப் பற்றித்தான் பேசுவார்கள், ஆனால் மறைவு இருக்கும்.

அதையும் மீறி ஒரு பிள்ளை தனியாக வந்து சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டம் 2012-ன் 19-வது பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “உனக்கு ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் சொல்வேன், யாரிடம் என்று உனக்குத் தெரிந்துதான் சொல்வேன்.” இப்படிச் சொன்னால் பிள்ளைகள் பேசாமல் போய்விடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. என்ன நடக்கும் என்று தெரிந்தால் பிள்ளைகள் கூடுதலாகவே நம்புகிறார்கள்.

உதவி கேட்டுக் கூப்பிடும் போன் எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநலத்துக்கு 14416. இந்த மூன்றையும் எல்லாக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதவையுங்கள். சாகவேண்டும் என்று ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் அதைச் சும்மா சொல்வதாக எடுக்காதீர்கள். அப்படி நினைக்கிறாயா என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. கோபத்தைக் கையாளும் பாடம் நடக்கிற அதே கட்டடத்தில், பக்கத்து வகுப்பிலிருந்து “மரமண்டை” என்று கத்தல் கேட்டால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பாதை வரைபடம் செய்தேன். என்ன நடந்தது என்று எழுதவேண்டும்.

வழியில் இருக்கும் சோலை, கரடி வரும் வளைவு, டாஸ்மாக் கடைத் திருப்பம், இதெல்லாம் சிவப்பாக வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. பலரும் பச்சை அடித்திருந்தது சர்ச் பக்கம் இருக்கும் பேக்கரியும், மைதானத்து ஓரம் நிற்கும் பிளம்ஸ் மரமும். ஆனால் ஆறு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒரு இடத்தைக் கறுப்பாக அடித்திருந்தார்கள். கழிப்பறை. எங்கள் கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால், உண்ணிச்செடிப் புதரை ஒட்டி இருக்கிறது. தாழ்ப்பாள் சரியாக விழாது. காட்டெருமை அந்தப் புதரில் படுத்திருந்ததை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

அதில் ஒருத்தி காலையில் கொண்டுவருகிற தண்ணீர் பாட்டிலை மூடி திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். குடித்தால் அங்கே போகவேண்டி வரும் என்று குடிப்பதே இல்லை. மதியத்துக்கு மேல் தலைவலி என்று மேசையில் கவிழ்ந்துவிடுவாள். படிப்பில் ஆர்வம் இல்லாத பிள்ளை என்றுதான் ஆசிரியர் அறையில் அவளைப் பற்றிப் பேச்சு.

அடுத்த வகுப்பில் இதையே எடுத்துக்கொண்டோம். பிரச்சினை என்ன, யாரால் சரிசெய்ய முடியும், எப்படிக் கேட்பது. பிள்ளைகளே பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு மனு எழுதினார்கள். பெண் பிள்ளைகள் சொல்ல, கூட இருந்து நல்ல கையெழுத்தில் எழுதிக்கொடுத்தவன் ஒரு பையன். பஞ்சாயத்து ஆட்களை வைத்துப் புதர் வெட்டியாயிற்று. தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை, அதனால் இரண்டு இரண்டு பேராகப் போகிறார்கள். பட்டியலில் இருக்கிற முடிவெடுத்தல், தகவல் தொடர்பு, சிக்கலைத் தீர்த்தல் எல்லாம் அந்த ஒரு மனுவுக்குள் வந்துவிட்டன. நான் ஒன்றின் பெயரையும் பலகையில் எழுதவில்லை. பரீட்சைக்கு வருமா என்றும் யாரும் கேட்கவில்லை.

பெட்டி பற்றிச் சேரம்பாடித் தங்கச்சி சொன்னதைத் தலைமை ஆசிரியரிடம் படித்தே காட்டினேன். இனிமேல் வாரம் ஒரு நாள் நானும் சத்துணவு அமைப்பாளர் அக்காவும் சேர்ந்து திறக்கிறோம். வேறு யாரும் தொடுவதில்லை. பெயர் போடாத சீட்டுகளுக்கு வகுப்பில் பொதுவாகப் பதில் சொல்வது, தனியாகப் பேசவேண்டும் என்று எழுதியிருந்தால் அக்காவிடம் போகலாமா என்னிடம் வரலாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்வது என்று வைத்திருக்கிறோம்.

கட்டத்தைக் காலியாக விட்ட பிள்ளைகள் மூன்று பேர். என்ன செய்வது என்று ஆலோசகர் மேடம் சொல்லவேண்டும்.

சேரம்பாடிப் பெண்

டீச்சர், அந்தத் தாழ்ப்பாளை நான் வாங்கி அனுப்புகிறேன். அளவு மட்டும் போடுங்கள்.

உதகை ஆலோசகர்

அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு “ஏன் காலியாக விட்டாய்” என்று கேட்கவேண்டாம். ஒவ்வொருவருக்கும் உங்களோடு சேர்ந்து செய்யும் ஒரு சின்ன வேலை கொடுங்கள். ஆய்வகத்தில் பொருள் அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரி. கையில் வேலை இருந்தால், முகத்தைப் பார்க்காமல் பேசமுடியும் என்றால், பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் தொடர்ந்து அந்த வேலையைக் கொடுங்கள்.

இதைவிட அவசரமான ஒன்று. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை வேண்டவே வேண்டாம். உள்ளே கிளறிவிட்ட விஷயத்தோடு பிள்ளை பஸ் ஏறி, சனியும் ஞாயிறும் வீட்டில் தனியாக இருக்கும். பிரச்சினையே அந்த வீட்டில்தான் என்றால் இன்னும் மோசம். வாரத்தின் நடுவில், காலை நேரத்தில் கேளுங்கள். அப்போதுதான் மதியமும் மறுநாளும் நீங்கள் கண்ணெதிரில் இருப்பீர்கள்.

குந்தா வாத்தியார்

இதை நான் ஆமோதிக்கிறேன். கால அட்டவணை மாற்றுவது தலைமை ஆசிரியருக்கு ஒரு மணி நேர வேலை. மறுத்தால் என்னிடம் சொல்லுங்கள், அவர் என் மாணவராகவே இருக்க வாய்ப்பு உண்டு. விளையாட்டுப் பாடவேளையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கோத்தகிரி டீச்சர்

கேட்டேன் ஐயா. புதன்கிழமை இரண்டாம் பாடவேளை கிடைத்துவிட்டது. சமூக அறிவியல் சார் வெள்ளிக்கு மாறிக்கொண்டார். விளையாட்டுப் பாடவேளையை யாரும் தொடவில்லை.

தங்கச்சி, தாழ்ப்பாள் எட்டு அங்குலம், இரண்டு வேண்டும்.